ஊர்த் திருஷ்டியைத் தின்றவர்

திண்டிவனத்தில் எங்கள் சாலையில் இருந்த அத்தனை கடைகளின் கண்திருஷ்டியையும் பல வருடங்கள் ஒரே ஒரு மனிதர் தின்று தீர்த்தார். கூட்டு வைத்துத் தின்றார், மோர்க்குழம்பு வைத்துத் தின்றார், தீபாவளிக்கு அல்வா கிண்டித் தின்றார். அதனால் அவருக்கு ஏப்பத்தைத் தவிர வேறு எதுவும் வந்து நாங்கள் பார்க்கவில்லை.

ஊருக்கு அவர் ‘பூசணி’. ரேஷன் கார்டில் வேறு ஏதாவது பெயர் இருந்திருக்கும், நான் கேட்டதில்லை. வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். எதிர்ப்பக்கம் என் பஞ்சர் கடை. சாமி இல்லை என்பவர் அவர். ஆனால் அதை மேடை போட்டுச் சொல்கிற ரகம் இல்லை. டீ வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பது போல, அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

அவர் பூசணி ஆன கதை இது. அமாவாசை சாயங்காலம் எங்கள் சாலையில் கடைக்குக் கடை வெண்பூசணியில் கற்பூரம் ஏற்றி, சுற்றி, நடுரோட்டில் போட்டு உடைப்பார்கள். ஒரு அமாவாசையன்று அவர் சைக்கிள் ஒரு பூசணித் துண்டில் ஏறியது. சைக்கிள் ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். கையைத் துணியால் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, அதை உடைத்த ஹார்டுவேர் கடைக்காரர் முன்னால் வந்து நின்றார்.

“உன் திருஷ்டி போச்சு, கூடவே என் தோள்பட்டையும் போச்சு. அடுத்த மாசம் ஒடைக்காத. சுத்தி முடிச்சிட்டு எங்கிட்ட குடு.”

“ஒடைக்கலன்னா திருஷ்டி எப்படிய்யா போவும்?”

“என் வயித்து வழியா போவும். காலைல கன்பார்ம் பண்றேன்.”

அடுத்த மாதம் கடைக்காரர் பயந்துகொண்டேதான் கொடுத்தார். மறுநாள் காலை வெல்டிங் பட்டறை திறக்கிற நேரத்துக்கு எதிர் டீக்கடையில் என்றுமில்லாத கூட்டம். ஆள் வருவாரா, வந்தால் நடந்து வருவாரா என்று ஒரே பேச்சு. பூசணி வந்தார். ஷட்டரைத் தூக்கினார். டீ வாங்கினார். “கூட்டுல உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றார். கூட்டம் கலைந்தது. சிலர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்ததை நானே பார்த்தேன்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மாதம் ஹார்டுவேர் கடையில் வியாபாரம் நன்றாக நடந்துவிட்டது. டீ மாஸ்டர் யோசித்து ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்தார்.

“ரோட்ல ஒடைச்சா அது எவன் டயர்லயாவது ஒட்டிக்கினு சுத்தி சுத்தி நம்ம கடைக்கே திரும்ப வருதுப்பா. பூசணி வயித்துல போனா அங்கயே ஜீரணம்.”

“யோவ், நான் சாமியே இல்லன்றவன்யா!” என்று கத்தினார் பூசணி.

“அதனாலதான்யா உனக்கு ஒட்டல. எங்களுக்குன்னா ஒட்டிக்கும்.”

சாமி இல்லை என்றவருக்கு ஊரே கூடி ஒரு சாமி வேலையைக் கொடுத்துவிட்டது. அமாவாசை சாயங்காலம் பட்டறை வாசலைப் பார்த்தால் கல்யாணத்துக்குக் காய்கறி வந்து இறங்கியதுபோல இருக்கும். அவரும் சும்மா வாங்கிக்கொள்ள மாட்டார். ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்ப்பார். “இன்னாயா, திருஷ்டிக்குன்னா சூம்பலா பாத்து வாங்குவியா? உன் வூட்டு சாம்பாருக்கு இத வாங்குவியா? குங்குமத்த உள்ள கொட்டாத, வெளிய தடவு, கழுவிக்கலாம்.” மீந்ததைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிடுவார். அவருடைய மனைவி செல்வி அக்கா தூக்கத்தில் காலை நீட்டினால் பூசணிதான் இடிக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தார். கடைக்குச் சுற்றியதை வாங்குவார், மனிதருக்குச் சுற்றியதைத் தொடமாட்டார். ஒருமுறை ஒரு அம்மா காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பூசணியோடு வந்தது. அவர் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“இத நான் வாங்கிக்கினா நீ ஆஸ்பத்திரிக்குப் போவமாட்ட. பூசணிய இங்க வச்சிட்டு ஜல்தி ஆட்டோ புடி.”

ஆட்டோவும் அவரே பிடித்துக் கொடுத்தார். அந்தப் பூசணியை மட்டும் சமைக்கவில்லை, மாட்டுக்குப் போட்டுவிட்டார்.

செல்வி அக்காவுக்குச் சாமி உண்டு. வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்கு இவர்தான் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போவார். உள்ளே போகமாட்டார். வெளியே சும்மா நிற்கவும் முடியாது. கழற்றிப் போட்டிருக்கும் செருப்புகளை எல்லாம் ஜோடி சேர்த்து வரிசையாக வைத்துக்கொண்டிருப்பார். சாமி கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள், தங்கள் செருப்பு தாங்கள் விட்ட இடத்தில் இல்லையே என்று அவரைத் திட்டுவார்கள். அவர் சிரிப்பார். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

அந்த நாட்களில் என் வீட்டில் சிரிப்புக்கு இடமில்லாமல் இருந்தது. எனக்கும் அருள்மேரிக்கும் கல்யாணமாகிப் பல வருடங்கள் குழந்தை இல்லை. தங்கிய கருவும் இரண்டு முறை கலைந்துவிட்டது. இரண்டாம் முறை வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காரணம் வைத்துவிட்டுப் போனார்கள். வேண்டுதல் பாக்கி இருக்கும் என்றார்கள். முன்னோர் செய்தது என்றார்கள். தேவன் தம் தோட்டத்துக்கு ஒரு பூ கேட்டார் என்று ஒரு உறவுக்காரர் சொன்னபோது அருள்மேரி எழுந்து உள்ளே போய்விட்டாள். நாங்கள் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கே அந்தப் பூ பொறுக்கவில்லை.

மறுநாள் பூசணி என் கடைக்கு வந்தார். ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தார்.

“தம்பி, நீயும் ஒண்ணும் பண்ணல. அந்தப் பொண்ணும் ஒண்ணும் பண்ணல. யாரும் ஒண்ணும் பண்ணல. ஆயிடுச்சு.”

அவ்வளவுதான். பிறகு சாயங்காலம் வரை லாரி டயர் கழற்ற எனக்குக் கை கொடுத்தார். அன்றைக்குத்தான் நான் தூங்கினேன். யாரும் மேலேயிருந்து நம்மைத் தண்டிக்கவில்லை என்கிற ஆறுதல், நான் நம்புகிற சாமியை நம்பாத மனிதரிடமிருந்து எனக்குக் கிடைத்தது.

எனக்குப் பேச வராது. அன்று எப்படியோ கேட்டுவிட்டேன். “ஏண்ணா, சாமியே இல்லன்னா, ஒரு கஷ்டம்னா யாருகிட்டண்ணா போயி அழுவீங்க?”

“செல்விகிட்ட அழுவேன். அவ சாமிகிட்ட அழுவா. மேட்டர் போய்ச் சேந்துடும்.”

“சந்தோஷம்னா?”

“அதுக்கு இன்னாத்துக்கு ஒருத்தர்கிட்ட போவணும்? அது பாட்டுக்கு வரும், இருக்கும், போவும்” என்று சொல்லி, ஜாக்கியை இறக்கினார்.

மூன்றாவது முறை அருள்மேரி உண்டாகி ஐந்து மாதம் தாண்டியது. ஒரு காலையில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் யாரோ வெளியூர்க்காரர் புதிதாக செல்போன் கடை திறந்திருந்தார். எங்கள் சாலை வழக்கம் அவருக்குத் தெரியாது. பூசணியை நடுரோட்டில் உடைத்துவிட்டார். அருள்மேரி ஒரு துண்டை மிதித்துவிட்டாள். விழவில்லை, வழுக்கக்கூட இல்லை. ஆனால் குதிகால் முழுக்கக் குங்குமம், சிவப்பாக. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் குழந்தையும் நிற்காது என்று முடிவு கட்டிவிட்டாள். முகையூரிலிருந்து மாமியார் வந்து, ஆறுதல் சொல்வதற்குப் பதிலாகக் காலைப் பார்த்து அழுதார். “வேதக்காரங்களுக்கு ஏதும்மா திருஷ்டி?” என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். “கண்ணு வைக்கிறவன் ஞானஸ்நானம் பாத்தா வைக்கிறான்?” என்றார் மாமியார். நர்ஸம்மா ரத்தம் குறைகிறது, இப்படியே சாப்பிடாமல் இருந்தால் குழந்தைக்குத்தான் ஆபத்து என்று கடிந்துகொண்டார். அருள்மேரி தலையை ஆட்டிவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொண்டாள்.

கையில் ஜெபமாலையோடு மாமியார்தான் சொன்னார்: “அந்தப் பூசணிக்காருகிட்ட போய்ச் சொல்லுங்க மாப்ள.”

போனேன். அவர் மனிதருக்குச் சுற்றியதைத் தொடமாட்டார் என்று தெரியும். எப்படிக் கேட்பது? என் ஜாக்கிக் கம்பியை அவரிடம் நீட்டினேன்.

“இதுல இன்னா வெல்டு வக்கணும்? ஒடையவே இல்லியே.”

“ஒடையும்ணா.”

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அதன் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

சாயங்காலம் செல்வி அக்காவோடு வீட்டுக்கு வந்தார். வரும்முன் ஒரு காரியம் செய்திருந்தார். அந்தப் பூசணித் துண்டுகளை எந்த மாடு தின்றது என்று தெருத் தெருவாக விசாரித்திருக்கிறார்.

“நீ மிதிச்சத தின்னுச்சே, அந்த மாட்டப் பாத்துட்டு வர்றேன்மா. வைக்கோல் போர இழுத்துக்கினு ஜோரா நிக்கிது.”

“அது கோமாதா யப்பா, அதுக்கு ஒட்டாது” என்றார் மாமியார்.

“பெரிம்மா, நீங்க வேதக்காரங்க. உங்களுக்கு ஏது கோமாதா?”

மாமியார் ஜெபமாலையை வேகமாக உருட்டினார். அருள்மேரி மெதுவாகக் கேட்டாள்: “அண்ணா, எனக்கு ஒட்டுனத நீங்க தின்னுடுங்கண்ணா.”

பூசணி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: “பொய் சொல்ல மாட்டேன்மா. அதுல ஒண்ணுமில்ல, வெறும் காயிதான். ஆனா நீ பயந்துக்கினு கெடக்குற, அது நெசம். சுத்தல்லாம் மாட்டேன். நீ தொட்டுக் குடு, நான் திங்கிறேன். நான் ஒரு வாயி, நீ ஒரு வாயி சோறு. சரியா?”

அருள்மேரி தொட்டுக் கொடுத்த பூசணியில், செல்வி அக்கா எங்கள் அடுப்பில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அரைத்துப் போட்டுக் கூட்டு வைத்தார். இவர் ஒரு வாய் வைப்பார், அருள்மேரியைப் பார்ப்பார். அவள் ஒரு வாய் வைக்கும்வரை அடுத்ததைத் தொடமாட்டார். அவள் நிறுத்தினால் இவரும் நிறுத்திவிட்டு, “ஆறுதும்மா, ஆறுனா நல்லா இருக்காது” என்று கெஞ்சுவார். சட்டி காலியானபோது அவள் தட்டும் காலியாக இருந்தது.

“காலைல வர்றேன். எனக்கு எதனா ஆயிருந்தா நீ சொன்னது நெசம். ஆவலன்னா ஒழுங்கா சாப்புடணும்.”

காலையில் வந்து வாசலில் நின்றார். அவள் இட்லி சாப்பிட்டாள். “ஆனா லேட்டா கூட காட்டுமாம்ணா, அம்மா சொல்றாங்க” என்றாள்.

“அப்ப நாளைக்கும் வர்றேன்.”

மாமியார் வாய் புண்ணியத்தில் அவர் பிரசவம்வரை தினமும் வந்தார். வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டி, ஒரு சுற்று சுற்றி, முதுகையும் காட்டுவார். ஜவுளிக்கடைப் பொம்மைகூட அவ்வளவு பொறுமையாக நிற்காது. அவள் தட்டை எடுத்த பிறகுதான் கிளம்புவார்.

ஐப்பசி மழையில் ஒரு காலை வித்தியாசமாக வந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, முகத்தில் அப்பி அப்பிப் பவுடர்.

“இன்னாண்ணா பவுடரு?”

“கல்யாணத்துக்குப் போறேன்மா.”

“லுங்கியோடவா?”

“சொந்தக்காரங்க கல்யாணம்தான். ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

அவள் சிரித்தாள். அவர் சுற்றிக் காட்டினார், முதுகைக் காட்டினார், நிமிர்ந்தபடி தெருமுனைவரை நடந்தார். முனை திரும்பியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். உடம்பு வெல்டிங் வைத்த கம்பிபோலக் கொதித்தது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகும்போதும் மிரட்டல்தான்: “அந்தப் பொண்ணுகிட்ட மூச்சு வுட்ட, உன் வாய்க்கு வெல்டு வச்சிடுவேன்.” பொய் சொல்லாத மனிதர். அன்றைக்கு ஊசி போட்டுக்கொண்டதைவிடப் பொய் சொன்னதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. மறுநாளும் பவுடரோடு வந்தார்.

விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். பூசணியும் செல்வி அக்காவும் பஸ் பிடித்து வந்தார்கள். குழந்தையைக் கொஞ்சிவிட்டு, கட்டில் ஓரத்தில் நின்று தொண்டையைச் செருமினார்.

“ஒண்ணு சொல்லணும்மா. நடுவுல எனக்கு காய்ச்சல் வந்துது. கல்யாணம் எதுவும் இல்ல. பொய் சொல்லிட்டேன்.”

“தெரியும்ணா” என்றாள் அருள்மேரி. “வேர்வைல பவுடர் வழிஞ்சிது.”

“தெரிஞ்சுமா சாப்ட்ட? எனக்கு ஒட்டிக்கிச்சின்னு நெனைக்கலியா?”

“இல்லண்ணா. காய்ச்சல்னு நெனைச்சேன்.”

அவர் அவளையே பார்த்தார்.

“அத்தோட வந்து நின்னு சுத்திக் காட்னீங்களே, அன்னிக்கிதான்ணா எனக்கு பயம் வுட்டுது.”

பூசணி வராந்தாவுக்குப் போய் ரொம்ப நேரம் மூக்கைச் சிந்தினார். ஜலதோஷம் என்று செல்வி அக்கா எல்லாரிடமும் சொன்னார்.

இப்போது என் கடை விழுப்புரத்தில். அவர் திண்டிவனத்திலேயேதான் இருக்கிறார், இன்னும் கூட்டு வைத்துக்கொண்டு. சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபம் உண்டு. அருள்மேரி முறையாக ஒவ்வொருவருக்கும் ஒன்று கேட்பாள். மாமியாருக்கு முழங்கால், மகளுக்குக் கணக்கு, எனக்கு நாலு பேரோடு பேசுகிற தைரியம். அவர் முறை வரும்போது மட்டும் நின்றுவிடுவாள். நானும் யோசித்துப் பார்ப்பேன். அவருக்கு என்ன கேட்பது? என்ன குறை அவருக்கு? ஒன்றும் தோன்றாது. பூசணி அண்ணன் என்று பெயரை மட்டும் சொல்லிவிட்டு, இருவரும் சிலுவை போட்டுக்கொள்கிறோம்.