சந்தேகம் சார் பிடுங்கிய கேபிள்

தன் மனைவியிடமே அடையாளச் சான்று கேட்ட மனிதர் சென்னையில் ஒருவர்தான் உண்டு: எங்கள் சந்தேகம் சார். தி.நகரில், ஆஸ்பத்திரிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் நடத்தித் தரும் எங்கள் கம்பெனியின் நெட்வொர்க் பாதுகாப்பு முழுக்க அவர் பொறுப்பு. சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும்.

குரலை நகலெடுத்து ஏமாற்றுகிறார்கள் என்று செய்தி வந்த அன்று, அவருக்கு வீட்டிலிருந்து போன்.

"நீ சுமதிதான்னு நான் எப்டி நம்பறது? காலைல இன்னா டிபன் குடுத்த, சொல்லு!"

எதிர்முனையில் விழுந்த திட்டு அறை முழுக்கக் கேட்டது. "சுமதியேதான்" என்று திருப்தியோடு பேச்சைத் தொடர்ந்தார்.

எங்களையும் விடமாட்டார். 'மதியம் இலவச மட்டன் பிரியாணி, பெயர் பதிய இங்கே அழுத்தவும்' என்று ஒரு போலி மெயில் அனுப்பிச் சோதித்தார். சைவக்காரர்கள்கூட அழுத்தினார்கள். முதலாளி இரண்டு முறை அழுத்தினார்.

"இன்னா சார், பிரியாணிக்குக் கம்பெனி சாவியவே குடுத்துட்டீங்களே!" என்று அவரையே கேட்டார்.

ஒரு நாள் காலை போனும் கையுமாக ஓடிவந்தார். நாங்கள் வீட்டிலிருந்து ஆபீஸ் சர்வருக்குள் நுழையப் பயன்படுத்தும் சாஃப்ட்வேரில் ஓட்டை இருக்கிறதாம். அதை அடைக்கும் அப்டேட் இன்னும் வரவில்லையாம்.

"சார், கதவு தொறந்து கீது. இப்பவே லைன நிறுத்தணும்."

"ஆஸ்பத்திரில பில் போட்டுட்டு இருக்காங்கய்யா. சாயங்காலம் பாக்கலாம்" என்றார் முதலாளி.

அவர் சொல்லி முடிக்கவில்லை, பக்கத்து மேஜை மாலதி அலறினாள்: "ஐயோ, என் ஃபைல் பேரெல்லாம் தானா மாறுது!" அடுத்து என் திரை. எவனோ உள்ளே புகுந்து ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தான்!

சார் சர்வர் அறைக்குள் பாய்ந்தார். செருகியிருந்த கேபிள்களைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். இழுத்த வேகத்தில் கேபிளும் அவருமாக மல்லாந்து விழுந்தார்.

"யாரைக் கேட்டுய்யா புடுங்கின?" என்று முதலாளி பின்னாலேயே ஓடிவந்தார்.

"கேட்டுக்கினு நின்னா கம்பெனியே இருக்காது சார்!" தரையில் கிடந்தபடியே கத்தினார்.

பறிபோனவை மாலதியுடையதும் என்னுடையதுமாக இரண்டு கணினிகள் மட்டுமே. ஆஸ்பத்திரிக் கணக்கில் ஓர் எழுத்துகூடக் கலையவில்லை. அதே ஓட்டையால் வேறு கம்பெனிகள் மொத்தமாக முடங்கிய செய்தி வந்தபோது, நாங்கள் விசிலடித்தோம். முதலாளி தானே போய் அவருக்கு டீ வாங்கி வந்தார்.

இப்போது நான் அடையாறில் வேறு வேலையில் இருக்கிறேன். திரையில் புரியாதது ஏதாவது முளைத்தால் அவருக்குத்தான் போன். "தொடாத நைனா, கைய எடு!" என்று கத்துவார்.

சில நாள் எதுவும் முளைக்காவிட்டாலும், முளைத்ததாகச் சொல்லிக் கூப்பிடுகிறேன்.