பதினாறு டன்னுக்கு மேல் போகக்கூடாது

மதிப்பிற்குரிய சம்பந்தி கருப்பசாமி அவர்களுக்கு ராமப்பன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் லாரியும் அதன் மேல் இருக்கும் மெஷினும் நலம். தாங்களும் சம்பந்தியம்மா பார்வதியும் மாப்பிள்ளை ராஜேஷ்குமாரும் நலம் என்று நம்புகிறேன். நேற்றிலிருந்து பதினோரு முறை கூப்பிட்டும் தாங்கள் போனை எடுக்காததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஓசூர் மண்டபத்தில் நடந்த நிச்சயதார்த்தத்துக்குப் பெண்ணைப் பெற்ற நானே வராமல் போனது வேண்டுமென்று செய்ததல்ல. என் மகள் வினோதா தங்கள் மகனைத்தான் கட்டுவேன் என்றபோது, அவர்கள் தெற்கத்தி ஆட்கள், நம் பழக்கம் வேறு என்று ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன் நான். அப்படிப்பட்டவன் வராவிட்டால் எல்லாரும் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புதன்கிழமை காலை ஒரு பிரஸ் மெஷினை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து வந்தால், ஓசூருக்குப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கையில் பாலத்தில் வேலை நடக்கிறது, பதினாறு டன்னுக்கு மேல் போகக்கூடாது என்று போர்டு. என் வண்டி லோடோடு முப்பத்துநாலு டன். அங்கே நின்ற டிராபிக் போலீஸ்காரர் முனிவேல், "கெலமங்கலம் சுத்திப் போய்ருங்கண்ணா" என்றார், சுற்றினேன், கெலமங்கலம் தாண்டி ஒரு சின்னப் பாலம், எனக்கு முன்னால் சுற்றிப்போன லாரிகளின் புண்ணியத்தில் அதுவும் விரிசல் விட்டு அங்கே பத்து டன் என்று போர்டு, சரியென்று தளிப் பக்கம் திருப்பினால் ரோஜாத் தோட்டத்துக்காரம்மா ஒருவர், மாரம்மா என்று பெயர், நடுரோட்டில் நின்று கையை விரித்துவிட்டார்.

"பேடாப்பா, வேண்டாம். இதுக்குக் கீழதான் தண்ணி பைப்பு. நேத்து ஒரு லாரிக்காரன் ஒடச்சிட்டுப் போய்ட்டான். செடியெல்லாம் வாடுது."

அந்த அம்மா சொன்னதில் என்ன தப்பு. இரண்டு கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே வந்தேன். மாரம்மாவே பின்னால் நடந்து "பா, பா, ஒடிச்சுப் பா" என்று கன்னடத்தில் வரச்சொல்லிச் சைகை காட்டிக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை மறுபடியும் அந்த முதல் பாலத்தருகிலேயே வந்து நின்றேன். லாரி கம்பெனி மேனேஜர் ராஜசேகர் மணிக்கொரு தரம் கூப்பிட்டு, வண்டியை விட்டு இறங்கினால் வேலை போய்விடும் என்றார். வெள்ளிக்கிழமை காலை கேபினுக்குள்ளேயே வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். பதினொன்றரைக்கு முனிவேல் பார்த்துவிட்டார்.

"லாரிக்குத்தானே தடை, உங்களுக்கு என்ன? வண்டிய நான் பாத்துக்கறேன். என் பைக்க எடுத்துட்டுப் போங்க. வேலை போனாப் போகுது, பொண்ணு முக்கியமில்லையா?"

அது முன்பே எனக்குத் தோன்றவில்லை. முன்னால் பெரிதாகப் போலீஸ் என்று எழுதிய அந்தப் பைக்கில் நான் மண்டப வாசலுக்குள் திரும்பும்போது தங்கள் வேன் வெளியே வந்தது. ஜன்னலோரம் தங்களைப் பார்த்துக் கையை ஆட்டினேன். பைக்கைப் பார்த்துவிட்டுத் தாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். என்னைப் போலீஸ் பிடித்துவிட்டதாக நினைத்திருக்கலாம். உள்ளே வாட்ச்மேன், "பொண்ணோட அப்பா வரமாட்டேன்னு ஓடிட்டாராம். நீங்க யாருங்க?" என்று கேட்டார். வினோதா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நாங்க எல்லாரும் போய்ட்டு வர்ற பாலம், உங்களுக்கு மட்டும் எப்படிப்பா ஒடஞ்சிரும்?"

பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இன்று சனிக்கிழமை, இன்னும் இங்கேதான் நிற்கிறேன். தாங்கள் எந்த நாளைச் சொன்னாலும் லாரி இல்லாத மனிதனாக வந்து நிற்பேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசிகள். மன்னிக்கக் கோரும்,
ராமப்பன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட வேண்டியதில்லை போலிருக்கிறது. எதிரே பாலத்தில் ஒரு வேன் வந்து நின்றிருக்கிறது. தாம்பூலத் தட்டோடு முதலில் இறங்கியது தாங்கள்தான், பின்னால் என் மகள். மேலே எழுதியதெல்லாம் முனிவேல் என் போனில் நம்பரைப் பார்த்து ஏற்கெனவே தங்களிடம் போனில் சொல்லிவிட்டாராம், இப்போதுதான் ஜன்னலைத் தட்டிச் சொல்கிறார். நான் லுங்கியில் இருக்கிறேன். தயவுசெய்து மெதுவாக நடந்து வரவும்.