தங்கப்பாண்டி கட்டர் வாங்கப் போன வாரம்

கட்டரின் ஸ்பிரிங் தெறித்து உப்புமாச் சட்டிக்குள் விழுந்த திங்கட்கிழமை காலையில்தான் தங்கப்பாண்டி அந்த முடிவை எடுத்தார்.

கட்டர் என்றால் திராட்சைக் கொடியைக் கவாத்து பண்ணுகிற கைக்கத்தரி. ஓடைப்பட்டியில் அது இல்லாத வீடு கிடையாது. இவர் வீட்டுக் கட்டர் இரண்டு கவாத்துகூட முழுசாகப் பார்க்கவில்லை. எண்ணெய் விட்டு ஒரு அமுக்கு அமுக்கினார். டிங் என்றது. அவ்வளவுதான். அவர் மனைவி ஜோதிலட்சுமி கரண்டியால் ஸ்பிரிங்கை எடுத்து, ஒட்டியிருந்த கடுகைத் தட்டிவிட்டு, அவர் கையில் கொடுத்தாள்.

தங்கப்பாண்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மழையில் நனைந்து கூழாகிப்போன டிக்கெட்டில்கூட எந்த ஸ்டாப்பில் ஏறியது என்று படித்துவிடுவார். கைப்பிடியின் உள்பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் இருந்தது சைனா.

"இனிமே நம்ம நாட்டுல செஞ்ச கட்டர்தான்" என்றார். "அது கைக்கு வந்த பெறகுதான் கவாத்து. அதுவரைக்கும் நான் தோட்டத்துக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

"சரிங்க" என்றாள் ஜோதிலட்சுமி.

தங்கப்பாண்டிக்கு முதல் குழப்பம் அங்கேயே ஆரம்பித்தது. கல்யாணம் ஆகி முப்பத்தோரு வருஷத்தில், அவர் சொன்ன ஒரு விஷயத்துக்கு அவள் முதல் தடவையிலேயே 'சரி' சொன்னதாக அவருக்கு ஞாபகம் இல்லை. அதுவும் சனிக்கிழமைதான் இதே கவாத்துக்காக வீட்டில் பெரிய சண்டை நடந்திருந்தது.

சண்டைக்குக் காரணம் அவருடைய இளகிய மனசு. கவாத்து என்றால் ஒவ்வொரு கிளையிலும் நாலு கண் விட்டு மீதியை வெட்டிவிட வேண்டும். கண் என்றால் துளிர் வருகிற முடிச்சு. தங்கப்பாண்டியால் அது முடியவில்லை. வெட்டப் போகும்போது அடுத்த கண் அவரைப் பரிதாபமாகப் பார்ப்பது போலிருக்கும். அதை விடுவார். அதற்கடுத்த கண் என்ன பாவம் செய்தது என்று அதையும் விடுவார். இப்படியே ஒவ்வொரு கிளையிலும் ஏழு, எட்டு கண். ஓய்வு பெற்ற இந்த இரண்டு வருஷமாக அந்த ஒரு ஏக்கர் பந்தல் இலையாகத்தான் காய்த்தது. போன அறுவடைக்கு வந்த கம்பத்து வியாபாரி, இலையை விலக்கி விலக்கிக் குலையைத் தேடிவிட்டு, "அண்ணே, இலைய மட்டும் தனியா விக்கிற யோசனையா?" என்று கேட்டார். பக்கத்தில் ஜோதிலட்சுமி நின்றுகொண்டிருந்தாள்.

அதனால்தான் சனிக்கிழமை அவள் பேச்சை எடுத்தாள். பண்ணைப்புரத்து மூக்கம்மாளின் கூலிப் பெண்கள் செட்டு கவாத்தில் கெட்டிக்காரிகள். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அவர்களுக்கு வேலை இல்லையாம். அதை விட்டால் இருபது நாளைக்கு வேறு தோட்டங்களில் இருப்பார்களாம். இருபது நாள் தள்ளி வெட்டினால் பழம் பழுக்கிற நேரம் மழையில் மாட்டி வெடித்துப்போகும். கூப்பிடட்டுமா என்றாள். என் தோட்டத்தில் என்னைத் தவிர யாரும் கத்தரி வைக்கக் கூடாது என்று தங்கப்பாண்டி சொல்லிவிட்டார். கொடியின் கண்ணைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்றும் கேட்டுவிட்டார்.

"உங்களுக்கே கண்ணாடியோட சேத்து நாலு கண்ணுதான்" என்றாள் அவள். "கொடிக்கு மட்டும் எதுக்கு எட்டு?"

அப்படிப் பேசியவள்தான் இப்போது 'சரிங்க' என்கிறாள். தங்கப்பாண்டி அதைப் பற்றி அரை மணி நேரம் யோசித்தார். கடைசியில், நாட்டுப்பற்று என்று வந்துவிட்டால் பெண்கள் குறுக்கே நிற்க மாட்டார்கள் என்று முடிவு செய்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் சின்னமனூர் போனார். முதல் கடையில் கட்டர் இருந்த பெட்டியைப் பார்த்ததுமே அவருக்கு உடம்பு சிலிர்த்தது. பெட்டி முழுக்க மூவர்ணப் பட்டை. நடுவில் ஒரு சிங்கம். கீழே ஒரு பஞ்சாப் விலாசம். திறந்து கட்டரின் கைப்பிடியைப் பார்த்தார். அதே எறும்பு எழுத்து.

"என்னய்யா, பெட்டியில பஞ்சாப்ன்னு போட்டிருக்கு, கட்டர்ல சைனான்னு போட்டிருக்கு?"

"கம்பெனி பஞ்சாப்புலதாண்ணே இருக்கு. கட்டர் மட்டும் அங்கன இருந்து வருது."

"அப்ப கம்பெனி என்ன செய்யுது?"

"பெட்டி செய்யுது."

தங்கப்பாண்டி பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். பெட்டி சிவகாசியில் அடித்தது.

அடுத்த கடையில் ஒன்று காட்டினார்கள். வெள்ளைக்காரப் பெயர். வேண்டாம் என்று தள்ளினார். அண்ணே, பெயர்தான் அப்படி, வடக்கே எங்கேயோ நம் ஆட்கள் மாட்டி அனுப்புகிற சாமான் என்றார் கடைக்காரர். மாட்டி அனுப்புவது என்றால் என்ன என்று துருவினார் தங்கப்பாண்டி. பிளேடு ஒரு நாட்டிலிருந்து வருமாம். ஸ்பிரிங் இன்னொரு நாட்டிலிருந்து. கைப்பிடிக்கு மேல் இருக்கிற சிவப்பு உறை மூன்றாவது நாடு. அப்படியானால் இது எந்த நாட்டுக் கட்டர் என்று கேட்டார். கடைக்காரர் கட்டரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"திருகாணி நம்ம நாடுதாண்ணே" என்றார்.

சாயங்காலம் கால் கடுக்க வீடு திரும்பினால், குளிக்க வெந்நீர் காத்திருந்தது. மல்லிச் சட்னியும் தோசையும் வந்தன. ஏழாவது தோசையின்போது ஜோதிலட்சுமி மெதுவாகச் சொன்னாள். போடி பஜாரில் பொன்னுராஜ் இரும்புக்கடை என்று ஒன்று இருக்கிறதாம். அங்கே இல்லாத சாமான் கிடையாதாம். நாளைக்கு ஒரு எட்டு போய்ப் பார்க்கலாமே. தங்கப்பாண்டிக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. தன் கொள்கையில் இவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று எட்டாவது தோசையையும் சாப்பிட்டார்.

புதன்கிழமை ரெண்டு பஸ் மாறிப் போடி போய்ச் சேர்ந்தார். பொன்னுராஜ் நல்ல மனுஷர். வெள்ளைச் சட்டை, தலைக்கு மேல் வேத வசனக் காலண்டர். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு காலத்தில் நாலு உள்நாட்டுக் கம்பெனியின் கத்தரி, ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் இந்தக் கடையில்தான் விற்றது என்றார். ஒன்று மூடிவிட்டார்கள். ஒன்று கல்யாண மண்டபம் ஆகிவிட்டது. மூன்றாவது எங்கே போனது என்றே தெரியவில்லை. நாலாவதற்குப் பழைய போர்டு இருக்கிறது, உள்ளே கப்பலில் வந்த பெட்டிகள் இருக்கின்றன. ஆனால் கோயம்புத்தூர் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் இன்னும் அடிக்கிறார்கள், பார்சல் வரும், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார்.

"நாளைக்கு வந்தா ஆகாதா?"

பொன்னுராஜ் செல்போனைப் பார்த்தார். பிறகு மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமைதான் தோதுப்படும்" என்றார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கோழிக்குழம்பு. புதன்கிழமை எதற்குக் கோழி என்று தங்கப்பாண்டிக்கு விளங்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு, நாளைக்கு வேலை ஒன்றும் இல்லை, வரப்பில் நின்றாவது தோட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். தட்டை எடுக்கக் குனிந்த ஜோதிலட்சுமி சட்டென்று நிமிர்ந்தாள். பிறகு, வெள்ளிக்கிழமை வரைக்கும் எதற்குக் காத்துக் கிடக்க வேண்டும் என்று கேட்டாள். குமுளியில் ஏலத்தோட்டத்துக்காரர்கள் வாங்குகிற கடைகள் இருக்கின்றன. கேரளாக்காரர்கள் எதையும் விசாரித்துத்தான் வாங்குவார்கள். அங்கே இல்லாத உள்நாட்டுக் கட்டரா?

இது தனக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று தங்கப்பாண்டி தன்மேலேயே வருத்தப்பட்டார்.

வியாழக்கிழமை கம்பத்தில் ஜீப் ஏறி, பதினாலு பேருக்கு நடுவில் ஒரு பலாப்பழத்தை மடியில் வாங்கிக்கொண்டு மலையேறினார். பலாப்பழம் யாருடையது என்று கடைசி வரை தெரியவில்லை. குமுளிக் கடையில் ஒரு கட்டரை எடுத்து, இங்கேயே செய்ததா என்று தெரிந்த மலையாளத்தில் கேட்டார். "இது இவிட உண்டாக்கியதாணோ?"

"தமிழ்லயே கேளுங்க சேட்டா" என்றார் கடைக்காரர். "எல்லாம் கம்பத்துல இருந்துதான் எடுத்துட்டு வர்றோம்."

"கம்பத்துக்கு எங்கருந்து வருது?"

"அது கம்பத்துலதான் கேக்கணும்."

கம்பத்தில் இறங்கிக் கேட்டார். குமுளிக்காரர்கள் எதைக் கேட்கிறார்களோ அதைத்தான் நாங்கள் எடுக்கிறோம் என்றார்கள். அவர்கள் காட்டிய கட்டரில் எழுத்தே இல்லை. எழுத்து இல்லாவிட்டால் அது நம் நாடா, வேறு நாடா? கம்பம் பஸ் ஸ்டாண்டில் நின்று யோசித்ததில் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டார். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸிலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, அவர் பஸ்ஸை விட்டது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலை பொன்னுராஜ் கடையில் கட்டர் தயாராக இருந்தது. பார்சல் எதுவும் பிரித்த மாதிரி தெரியவில்லை. மேஜை டிராயரிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தார். தங்கப்பாண்டி அதைக் கவனித்தார், ஆனால் கட்டரைப் பார்த்ததும் மறந்துபோனார். கனமான கருப்பு இரும்பு. பிளேடு எங்கே அடித்தது? பட்டறையிலேயே. ஸ்பிரிங்? அங்கேதான். திருகாணி? அதுவும். கைப்பிடியில் பட்டறைப் பெயர் தமிழிலேயே பொறித்திருந்தது. தங்கப்பாண்டி அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். படி இறங்கும்போது பொன்னுராஜ் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. வெள்ளிக்கிழமைக்கு முந்திக் குடுக்கலைன்னு."

"எந்த அக்கா?"

பொன்னுராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டு, உள்ளே போன் அடிப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார். போன் மேஜைமேலேயே இருந்தது. அது அடிக்கவும் இல்லை.

இரண்டு பஸ்ஸிலும் தங்கப்பாண்டி இதையே யோசித்துக்கொண்டு வந்தார். பொன்னுராஜுக்கு அக்கா இருக்கலாம். அந்த அக்காவிடம் இவர் எதற்குச் சொல்ல வேண்டும்? அவரை இவருக்குத் தெரியாதே. ஒருவேளை வேறு யாரிடமோ சொல்ல வேண்டியதைத் தவறுதலாக இவரிடம் சொல்லிவிட்டாரோ என்னவோ. பாவம், கடையில் எத்தனை வேலை.

வீடு பூட்டியிருந்தது. கட்டரைத் துண்டில் சுற்றிக்கொண்டு நேரே தோட்டத்துக்கு நடந்தார். பாதி தூரத்திலேயே ஏதோ சரியில்லை என்று பட்டது. வழக்கமாக அவர் பந்தல் தூரத்திலிருந்து பச்சையாகத் தெரியும். இன்று அந்த இடத்தில் வானம் தெரிந்தது.

பந்தல் மொட்டையாக நின்றது. ஒவ்வொரு கிளையிலும் அளவெடுத்த மாதிரி நாலு கண். மூக்கம்மாளும் ஏழெட்டுப் பேரும் வெட்டின கொடிகளைக் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஜோதிலட்சுமி வரப்பில் உட்கார்ந்து அவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

தங்கப்பாண்டி கட்டரைத் துண்டோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். தனக்கு வருவது கோபமா என்று பார்த்தார். கோபமாகத்தான் இருந்தது, ஆனால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"எப்ப வெட்டுனீக?"

"நீங்க போடிக்குப் போன அன்னிக்குப் பாதி. குமுளிக்குப் போன அன்னிக்கு மீதி."

"அந்தப் பொன்னுராஜ்..."

"அவர் சம்சாரம் ஞானபாக்கியமும் நானும் பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. கட்டர் இருக்குன்னு திங்கக்கிழமையே போன்ல சொல்லிட்டா. நாந்தான் வெள்ளிக்கிழமை குடுக்கச் சொன்னேன்."

தங்கப்பாண்டி துண்டைப் பிரித்துக் கட்டரைப் பார்த்தார். நாலு நாள் அலைச்சல், இத்தனை பஸ், ஒரு ஜீப், மடியில் ஒரு பலாப்பழம். அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஜோதிலட்சுமிக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது போல. எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரே ஒரு கொடி மட்டும் வெட்டாமல் நின்றது.

"இது உங்களுக்குன்னு விட்டு வச்சிருக்கு" என்றாள்.

தங்கப்பாண்டி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கட்டரை வைத்து ஒரு அமுக்கு. வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. அடுத்த கிளை. அடுத்தது. நாலாவது கிளைக்குள் அவருக்கு மனசு சமாதானமாகிவிட்டது. அரை மணி நேரம் மெய்மறந்து வெட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பின்னாலேயே மூக்கம்மாள் தன்னுடைய சைனா கட்டரோடு வந்து, அவர் விட்டிருந்த எட்டுக் கண்ணையும் சத்தம் இல்லாமல் நாலாக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் மறுபடி வரப்பில் வந்து உட்கார்ந்தார். ஜோதிலட்சுமி ஒரு சொம்பு மோரைக் கொடுத்துவிட்டு, கட்டரை வாங்கி அமுக்கிப் பார்த்தாள்.

"நல்ல சாமான்தாங்க. சும்மா போட்டு வச்சா துரு ஏறும். ஒரு தோல் உறை இருந்தாத் தேவலை. அதுவும் நம்ம நாட்டுல தச்சதா இருக்கணும்."

தங்கப்பாண்டியின் முகம் அவரைக் கேட்காமலே மலர்ந்தது.

"தோலுன்னா திண்டுக்கல்தான்" என்றார். "அங்கன விசாரிச்சாத் தெரியும். நாளைக்கே போயிட்டு வந்துறவா?"

"நாளைக்கு எதுக்கு?" என்றாள் ஜோதிலட்சுமி. "அடுத்த கவாத்துக்கு ரெண்டு நாள் முந்திப் போனாப் போதும்."