பெத்தவன் கை

“ஐஸு!” என்றான் ஜாக்சன்.

பிறந்து பதினோரு நாளே ஆன மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு அவன் சொன்ன தீர்ப்பு அது. கட்டிலில் உட்கார்ந்திருந்த மனைவி ரீட்டா, துண்டால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்பதாங்க பால் குடிச்சிட்டுப் படுத்தா. நல்லாத்தான் இருக்கா.”

“எதுத்துப் பேசாத. மொதல்ல ஃபேனை நிறுத்து.”

ஜாக்சன் காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். அங்கே அவன் சொன்னால் ஒரு ஃபைல்கூட நகராது. ஆனால் பூவத்தில், மாமியார் வீட்டில், அவன் மாப்பிள்ளை. அவன் ‘ம்’ என்றால் போதும், மாமியார் ஜெயமேரி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவார். இந்தப் பதவியை அவன் ஒரு நிமிடமும் வீணாக்குவதில்லை. கோவில்பத்தில் இருக்கும் தன் வீட்டிலிருந்து சனிக்கிழமை மழையில் பைக் ஓட்டி வந்து சேர்ந்தவன், ஞாயிறு காலையிலேயே குளிரை ஒழிக்கும் வேலையில் இறங்கிவிட்டான்.

ஒரு விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. இரண்டேகால் கிலோதான். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து, வீட்டுக்கு அனுப்பும்போது, “உடம்பு சில்லிட்டா உடனே கொண்டு வந்துருங்க” என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அவன் பயம் நிஜமானது. பயத்தோடு புத்தியையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பழக்கம் அவனுக்கு இல்லை.

“அத்தை! இன்னொரு போர்வை!”

தொப்பி, காலுறை, பருத்தித் துணி, கம்பளி எல்லாம் ஏற்கெனவே ஏறியிருந்தன. ஜெயமேரி கொண்டுவந்த போர்வையையும் சுற்றியதும் குழந்தையில் மூக்கு மட்டும் பாக்கி இருந்தது.

“மாப்ள, அம்மா நெஞ்சோட சேத்து வச்சுக்கிட்டாலே போதும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களே…”

“அதெல்லாம் ஆஸ்பத்திரியோட சரி அத்தை. இது டிசம்பர் மாசம். வெளிய என்ன குளுரு குளுருது!”

வெளியே தெருப் பையன்கள் சட்டையில்லாமல் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது ஜன்னல். இடுக்கு வழியாகப் பனி இறங்குகிறதாம். பழைய காலண்டர் தாள்களை ஒட்டியாக வேண்டும் என்றான். ஜெயமேரி ஸ்டூலில் ஏறி ஒட்டினார். ஜாக்சன் கீழே நின்று, “இன்னும் கொஞ்சம் லெஃப்டுல” என்று மேற்பார்வை பார்த்தான். அதற்குள் கோயிலில் காலைப் பூசை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பிவிட்டார்கள்.

அறை இட்லிப் பானை மாதிரி ஆனது. குழந்தை முகம் சிவந்து அலறியது.

“பாத்தியா? குளுரு தாங்காமக் கத்துறா.”

“புழுங்குதுங்க! கழுத்துல வேர்க்குருவப் பாருங்க.”

“அது குளுருல வர்ற தடிப்பு.”

அப்படி ஒரு தடிப்பை எந்த டாக்டரும் இதுவரை பார்த்ததில்லை. ரீட்டா தெர்மாமீட்டரை எடுத்துக் குழந்தையின் அக்குளில் வைத்தாள். தொண்ணூற்றொன்பதேகால் காட்டியது.

“சில்லுனு இல்லீங்க. சூடுதான் ஏறுது.”

“இந்த மெஷினு பெருசா, பெத்தவன் கை பெருசா?”

பெத்தவன் கை மறுபடியும் நெற்றியைத் தொட்டது. அவன் முகம் உண்மையாகவே வெளுத்தது. “மொதல்ல இருந்ததவிட மோசமா இருக்கு! இந்தக் குளுருல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா வழியிலேயே வெறைச்சிருவா!” என்று நெடுங்காட்டுக்குப் போன் போட்டான்.

அங்கே கோழிப் பண்ணை வைத்திருக்கும் நண்பன் அஜ்மீர், குஞ்சுகளுக்குச் சூடு காட்டும் பெரிய பல்போடு வந்து சேர்ந்தான். அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டான் ஜாக்சன். காலையில் சூப்போடு வந்த ரீட்டாவின் சித்திக்கும் இதே மரியாதைதான் கிடைத்திருந்தது.

“உள்ள வராத. வெளி ஆளுங்க கிருமியக் கொண்டாந்துருவீங்க.”

“சரிடா, வரல. ஆனா ஒண்ணு. சூடு தாங்கலேன்னா குஞ்சு ஓரத்துக்கு ஓடிரும். ஒம் புள்ள எங்கடா ஓடும்?”

“எல்லாம் எனக்குத் தெரியும்.”

எல்லாம் தெரிந்தவன் பல்பைக் கட்டிலுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டான். பிறகு தானும் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு, நான்காவது காபியோடு மூலையில் உட்கார்ந்தான்.

“இவ்ளோ பண்ணியும் எனக்கே பல்லு கிட்டுது. பச்சப் புள்ளைக்கு எப்படி இருக்கும்?”

நடிப்புக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று ரீட்டாவுக்கு எரிச்சலாக வந்தது.

சற்று நேரத்தில் குழந்தை அழுகையை நிறுத்தியது. ரீட்டா போர்வையை விலக்கிப் பால் கொடுக்கப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. கை துவண்டு கிடந்தது.

“இப்பதான் இதமா இருக்கு, தூங்குறா” என்றான் ஜாக்சன் திருப்தியாக.

ரீட்டா குழந்தையை வாரி எடுத்தாள். “அம்மா! அஞ்சுகம் அக்காவக் கூட்டிட்டு வாம்மா, ஓடு!”

ஜெயமேரி மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினார். நான்கு வீடு தள்ளி இருந்த நர்ஸ் அஞ்சுகம், பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தார்.

“கிருமி! உள்ள வராதீங்க!” என்று ஜாக்சன் கத்தியதை அவர் காதில் வாங்கவே இல்லை. பல்பை அணைத்தார். காலண்டர் தாளைக் கிழித்து ஜன்னலைத் திறந்தார். கம்பளி, போர்வை, தொப்பி எல்லாவற்றையும் உருவித் தரையில் போட்டுவிட்டு, ஒற்றைப் பருத்தித் துணியோடு குழந்தையைத் தாயின் மடியில் கிடத்தினார். உள்ளங்காலை மெதுவாகத் தட்டினார்.

மறுபடி மறுபடி தட்டினார். பிறகு குழந்தை சிணுங்கியது, வீறிட்டது, மாரைத் தேடிப் பிடித்து மடக் மடக்கென்று குடித்தது. “மாதாவே!” என்று ஜெயமேரி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ரீட்டா விசும்பி அழுதாள்.

ஜாக்சனுக்குத்தான் கோபம் தலைக்கேறியது.

“என்ன சிஸ்டர், எம் புள்ளையக் கொல்லப் பாக்குறீங்களா? எப்படிச் சில்லிட்டுக் கெடக்குதுன்னு நீங்களே தொட்டுப் பாருங்க!” என்று மகளின் நெற்றியை நோக்கிக் கையை நீட்டினான்.

அஞ்சுகம் அந்தக் கையைப் பாதி வழியிலேயே பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. அவன் கண்களை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு ஜெயமேரியின் பக்கம் திரும்பினார்.

“புள்ளைக்குக் குளுரே இல்லக்கா. ஒங்க மாப்ளைக்குத்தான் காய்ச்சல் நெருப்பாக் கொதிக்குது, இந்தக் கையால தொட்டா எந்தப் புள்ளையும் ஐஸாத்தான் தெரியும். மொதல்ல இவரக் கெளப்பி வெளிய அனுப்புங்க!”