மாமாவுக்கு ஒரு செஸ் போர்டு

கல்யாணம் நிச்சயமாகாத பெண்ணுக்கு வாய் இருக்கலாம், தப்பில்லை. வருங்கால மாமனார் எதிரில் அதைத் திறப்பதுதான் ஆபத்து. நான் திறந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம். ராயபுரத்தில் வீடு, துறைமுகத்தை ஒட்டிய சரக்கு அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. அங்கே என்னோடு வேலை பார்த்த செல்வத்தைக் கட்டிக்கொள்வதாக முடிவெடுத்திருந்தேன். நாங்கள் கத்தோலிக்கர்கள், அவர்கள் வியாசர்பாடியில் பௌத்தக் குடும்பம். என் வீட்டில் அழுது, அடம்பிடித்து, சாப்பிடாமல் கிடந்து (கடையில் பஜ்ஜி சாப்பிட்டேன், அது வேறு) சம்மதம் வாங்கியாயிற்று. செல்வத்தின் அப்பா ஒருவர்தான் பாக்கி. பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு, செஸ் அதிகம்.

முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது, நடு மடிப்பில் கிழிந்து ஒட்டுப் போட்ட அட்டை போர்டில் தனியாக ஆடிக்கொண்டிருந்தார். நான் பேசாமல் காபியைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். "மரத்துலயே உங்களுக்கு ஒரு போர்டு, நானே என் கையால செஞ்சு தரேன் மாமா" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "செய்யி. பௌர்ணமி அன்னிக்கு உங்க வூட்டுக்கு வரேன். அத்துல ஒரு ஆட்டம் போட்டுட்டு மத்தத பேசுவோம்."

மத்தது என்றால் கல்யாணம். வெளியே வந்ததும் செல்வம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"உனுக்கு ரம்பம் புடிக்கத் தெரியுமா?"

"ரொட்டி அறுப்பேன்."

"செத்தோம்" என்றான்.

எங்கள் சித்தப்பா குவைத்துக்குப் போனபோது தன் தச்சுப் பையை எங்கள் பரணில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதை இறக்கினேன். வெளுத்த மரத்துக்குக் கவலையில்லை. கப்பல் சரக்கு வந்த பெட்டிகளின் பலகை எங்கள் தெருவில் அடுப்பெரிக்கிற அளவுக்குக் கிடைக்கும். கறுத்த மரத்துக்குத்தான் திண்டாடிப்போனேன். கடைசியில் காசிமேட்டில் ஒரு பழைய படகைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பலகை காபிக்கொட்டை நிறத்தில், எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல மினுங்கியது. கெஞ்சி வாங்கி, தோளில் சுமந்துவந்தேன்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை என்றுதான் நினைத்தேன். கறுப்பும் வெளுப்புமாகச் சட்டங்களை மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். காய்ந்ததும் குறுக்கே அறுத்து, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையைத் திருப்பி வைத்து மறுபடி ஒட்டினால் கட்டங்கள் தானாக வந்துவிடும். ஆனால் ரம்பம் நான் போட்ட கோட்டை மதிக்கவில்லை. நேராகத் தொடங்கி, பாதியில் திருவொற்றியூர் பக்கம் திரும்பிவிடும். இழைப்புளியோ ஒன்று மரத்தின் மேல் வழுக்கியது, இல்லை கவ்விக்கொண்டு நகர மறுத்தது. மூன்று சட்டங்களைப் பாழாக்கினேன். கையெல்லாம் கொப்புளம். ஒட்டியதை இறுக்கிப் பிடிக்கக் கருவி இல்லாததால் சைக்கிள் டியூபால் கட்டி, மேலே அம்மிக்கல்லை ஏற்றிவைத்தேன். (அந்த வாரம் எங்கள் வீட்டில் சட்னி இல்லை.)

கறுத்த கட்டங்களில் பசை சரியாகப் பிடிக்காமல் நழுவியது. இன்னும் கொஞ்சம் பசையைக் கொட்டினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து நிறுத்தியதும் எனக்கே கண் கலங்கிவிட்டது. அவ்வளவு அழகு.

பௌர்ணமியன்று மாமா மீன், கறி எதுவும் தொட மாட்டார். அதனால் அம்மா முதல் நாளே வீட்டை ஃபினாயில் ஊற்றிக் கழுவினாள். மீன் சட்டிகள் பக்கத்து வீட்டுக்குப் போயின. "நம்மால அந்த மனுசன் விரதம் கெடக்கூடாது" என்று திரைச்சீலைகளைக்கூடத் துவைத்துப் போட்டாள். சாம்பார், பொரியல், பாயசம்.

மதியம் மாமாவும் செல்வமும் வந்தார்கள். சாப்பாடு முடிந்தது. மாமா போர்டைக் கையில் வாங்கி, விளிம்பைத் தடவி, சாய்த்துப் பார்த்தார். தாம் கொண்டுவந்த காய்களை அடுக்கினார். ஆட்டம் தொடங்கியது. அப்பா சுவரோரம், அம்மா சமையலறை வாசலில், செல்வம் நகத்தைக் கடித்தபடி என் பின்னால். நான் நாலாவது காயை நகர்த்தியபோது கரண்ட் போனது.

ஃபேன் நின்றதும் வீடு வெந்தது. ஜன்னலைத் திறந்தோம், வெயில் நேராகப் போர்டின் மேல் விழுந்தது. மாமா குதிரையைத் தூக்கியவர் வைக்காமல் நிறுத்தினார். மூக்கைச் சுருக்கினார். அம்மாவின் முகம் வெளிறியது.

"சத்தியமா மீனு இல்லீங்க. சாம்பாருதான் வச்சேன்" என்றாள். யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"தெருவுலேந்து வருதும்மா" என்றார் மாமா, பெருந்தன்மையாக. குதிரையை வைத்தார். எனக்கோ ஒரு வாசனையும் தெரியவில்லை. காசிமேட்டு மீன் காற்றைக் குடித்து வளர்ந்த மூக்கு அது.

அப்போது ஜன்னலில் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. அடுத்து வாசலில் ஒன்று. மூன்றாவது கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது, எப்போது நுழைந்ததோ! மூன்றும் அம்மாவின் சமையலறையைச் சட்டையே செய்யவில்லை. போர்டையே பார்த்தன. என் முதுகில் வியர்வை ஓடியது. மாமா தலை நிமிராமல் "செக்கு" என்றார்.

ஜன்னல் பூனை தாவியது. போர்டின் நடுவில் இறங்கி, என் ராணியைத் தள்ளிவிட்டு, கறுத்த கட்டம் ஒன்றை நக்க ஆரம்பித்தது.

அப்பா பதறி எழுந்து அதை விரட்டினார். குனிந்து போர்டை மோந்தவர் என்னைப் பார்த்தார். அவருக்குத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை. படகு, மரம் எல்லாம் அத்துப்படி.

"ஏண்டி, இந்தக் கட்டைய எங்கேந்து எட்த்த?"

"காசிமேட்ல... ஒட்ச்ச மீன் போட்டு."

"அட பேஜாரே! போட்டுக்கு வருசா வருசம் மீனெண்ண பூசுவாங்க. வெயில் பட்டா சும்மா இருக்குமா?"

அம்மா உட்கார்ந்துவிட்டாள். மற்ற இரண்டு பூனைகளும் நெருங்கவே, மாமா காப்பாற்றுகிற நினைப்பில் போர்டைச் சட்டென்று தூக்கினார். எண்ணெய் ஊறிய மரத்தில் பசை எங்கே நிற்கும்? கறுத்த கட்டங்கள் ஏழெட்டு ஒவ்வொன்றாகக் கழன்று அவருடைய வெள்ளை வேட்டியில் பொத் பொத்தென்று விழுந்தன. அவர் கையில் ஓட்டை ஓட்டையாக ஒரு பலகை மிஞ்சியது. ஓட்டை வழியாக அவர் முகம் தெரிந்தது. என் கல்யாணம் முடிந்தது என்று நினைத்தேன். செல்வம் என் தோளைத் தொட்டான்.

மாமா மடியைத் தட்டிவிட்டு எழுந்தார். "சாக்பீஸ் இருக்குதா?"

சரக்கில் குறி போட அப்பா சட்டைப்பையில் வைத்திருந்ததை நீட்டினார். மாமா தரையில் மண்டியிட்டு, கோடு போட்டு, கட்டம் வரைந்து, சிதறிய காய்களைப் பொறுக்கி அதனதன் இடத்தில் ஞாபகமாக வைத்தார்.

"உக்காரும்மா. செக்குல கீற. ஆடு."

உட்கார்ந்தேன். கண்ணீரில் எது ராஜா, எது மந்திரி என்றே தெரியவில்லை. மூன்றே நகர்த்தலில் தோற்றேன்.

மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அப்பாவிடம் திரும்பினார். "உங்க பொண்ணுக்கு செஸ்ஸும் வராது, தச்சு வேலையும் வராது. இத்த வச்சிக்கினு நீங்க இன்னா பண்ணப்போறீங்க? பேசாம எங்க வூட்டுக்கே அனுப்பிடுங்க."

நான் அழுத அழுகையில் பூனைகளே ஓடிவிட்டன.

இன்றைக்கும் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் மாமா இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்ப மாட்டார். அவர் சொல்லச் சொல்ல மூன்று பூனைகள் பத்தாகி, போன மாதம் ஒரு நாயும் சேர்ந்துகொண்டது. நான் வாயைத் திறப்பதில்லை. திருத்தினால், "அப்ப அந்த ஆட்டத்துல யாரு தோத்தா, அத்த சொல்லு" என்று கேட்பார்.