சுண்டைத்தீவுக்குப் போன விருந்து

அகலக்கரை என்றொரு நாடு இருந்தது. கிழக்கிலும் கடல், மேற்கிலும் கடல். வடக்கே பனிமலை, தெற்கே பாலை. பகைவன் என்று ஒருவன் அங்கே வந்து சேரவேண்டுமானால் மூன்று மாதம் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வரவேண்டும். அப்படி வந்து இறங்குகிறவனுக்குச் சண்டை போடவா தோன்றும்? சுக்குக் கஷாயம்தான் கேட்பான். ஆகவே உலகத்திலேயே நிம்மதியாகத் தூங்கவேண்டிய நாடு அது. ஆனால் உலகத்திலேயே அதிகமாகப் பயந்துகொண்டிருந்த நாடும் அதுதான்.

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அங்கே தேர்தல் நடக்கும். மேல்வாசல் கட்சி, கீழ்வாசல் கட்சி என்று இரண்டு கட்சிகள். அரண்மனைக்கு இருந்தவை அந்த இரண்டு வாசல்கள்தான். எது வழியாக நுழைந்தாலும் ஒரே கூடத்தில்தான் போய் நிற்கவேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்திருந்தும், எந்த வாசல் உயர்ந்தது என்கிற வாக்குவாதத்தில் அண்ணனும் தம்பியும் ஆண்டுக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்துவிடுவார்கள்.

அந்தக் கூடத்தில் அவைக்குறிப்பு எழுதும் வேலை தையல்நாயகிக்கு. நாற்பத்தைந்து வயது. முத்து முத்தான கையெழுத்து. யார் என்ன பேசினாலும் பேசியபடியே எழுதுவாள். தும்மினால் ‘தும்மினார்’ என்றும் எழுதுவாள். வேலை முடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போய் ஓடத்தில் ஏறி வீட்டுக்குப் போவாள். ஓடம் தள்ளுகிறவன் அவள் புருஷன் வீரபாகு. பெயர்தான் வீரபாகு. சேவல் சண்டை நடக்கிற தெருவைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிற ஆள். இரண்டு பேருக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றிய வருத்தமும் பழகிப்போய், அவர்கள் பாட்டுக்குச் சந்தோஷமாக இருந்தார்கள்.

மேல்வாசல் கட்சியின் தீரமார்த்தாண்டர் நாடாள்வாராக வந்த இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், அவையில் படையமைச்சர் கோபுரநாதர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“சுண்டைத்தீவில் ஒரு மாபெரும் கவண் இருப்பதாகத் தகவல். அதிலிருந்து எறியப்படும் கல் கடலைத் தாண்டி வந்து நம் அரண்மனை உச்சியில் விழும்.”

சுண்டைத்தீவு என்பது, கரையிலிருந்து சில நாள் தொலைவில், பெயருக்கேற்ப, தேசப்படத்தில் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகிற ஒரு தீவு. அங்கே இருப்பவர்கள் கருவாடு காயப்போடுவார்கள். மிச்ச நேரத்தில் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

“பார்த்தது யார்?” என்றார் நாடாள்வார்.

“ஒரு வணிகருடைய மைத்துனர் பார்த்திருக்கிறார். பனிமூட்டத்தில் பார்த்ததால் முழுவதும் தெரியவில்லை. தெரிந்த அளவே இவ்வளவு பெரிது என்றால், தெரியாத பகுதி எவ்வளவு பெரிதாக இருக்கும்!”

அவை நடுங்கியது. தையல்நாயகி ‘அவை நடுங்கியது’ என்று எழுதினாள். காரணம் என்கிற இடத்தில் ‘கவண்’ என்று எழுதினாள்.

பத்தாயிரம் பேர் கொண்ட படை கிளம்பியது. துடுப்புப் போட ஆள் வேண்டும் என்று நாட்டில் இருந்த ஓடங்களையும் ஓடக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு போனார்கள். வீரபாகு கிளம்பும்போது தையல்நாயகி அவல் மூட்டை கட்டிக்கொடுத்தாள்.

“ஒரு மாசத்துல வந்துடலாம்னு அமைச்சர் சொல்றாரே புள்ள.”

“அவர் சொன்னதை நான்தானே எழுதினேன். வர்றப்போ வாங்க. பத்திரமா வாங்க, அது போதும்” என்றாள் அவள்.

ஒரு மாதம் ஆகியும் வீரபாகு வரவில்லை. தீவிலிருந்து தளபதி இளவழுதியின் கடிதம் வந்தது. தீவு முழுவதும் தேடியாகிவிட்டது, கவண் இல்லை, இரண்டு மரத்தூணும் கயிறும் மட்டும் கிடைத்தன, விசாரித்ததில் அது ஒரு கல்யாண வீட்டு ஊஞ்சல், கல்யாணம் நின்றுவிட்டது, பெண் வீட்டார் மிகுந்த கோபத்தில் இருக்கிறார்கள், அடுத்து என்ன செய்ய? இதுதான் கடிதம்.

நாடாள்வாருக்கு ஒரு சொல்லமைச்சர் இருந்தார். நாவரசு என்று பெயர். நடப்பது எதுவானாலும் அதற்குப் பொருத்தமான சொல்லைக் கண்டுபிடித்துத் தருவது அவர் பொறுப்பு. அவர் கடிதத்தை மடித்துவைத்தார்.

“கவணை ஊஞ்சலாக மாற்றி ஒளித்துவைத்திருக்கிறார்கள். எத்தனை தந்திரசாலிகள் பாருங்கள். இவர்களை இப்படியே விட்டுவிட்டு வரமுடியுமா? மேலும், நாம் போனது கவணுக்காக அல்லவே. அவர்களுக்குத் தேர்தல் நடத்தக் கற்றுத்தரப் போனோம்.”

“ஐயா, போன மாதக் குறிப்பில் கவண் என்று இருக்கிறதே” என்றாள் தையல்நாயகி.

“அது எழுத்துப் பிழை.”

எழுத்துப் பிழைக்கு அந்த நாட்டில் ஒரு வழி உண்டு. எழுதியதை அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. மேலே ஒரு தாளை ஒட்டி எழுதலாம். அவள் பசை காய்ச்சினாள். ‘கவண்’ மேல் ‘தேர்தல் கல்வி’யை ஒட்டினாள்.

தீவுக்காரர்களுக்கு ஏற்கெனவே தேர்தல் உண்டு, மீன் ஏலத்தின்போது கை தூக்கித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தளபதி எழுதினார். கை தூக்கினால் போதாது, யாருக்குத் தூக்குவது என்று நாம் சொல்லித்தரவேண்டும் என்று பதில் போயிற்று. ஊஞ்சல் போன கோபத்தில் இருந்தவர்கள் இதைக் கேட்டதும் இரவென்றும் பகலென்றும் பாராமல் கல்லெறிய ஆரம்பித்தார்கள். நிறையப் பேர் செத்தார்கள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். உடனே மூன்றாவது காரணம் பிறந்தது: போனவர்கள் வீணாகப் போனதாக ஆகிவிடக் கூடாது, ஆகவே இன்னும் பல பேர் போகவேண்டும். தையல்நாயகி அதையும் ஒட்டினாள். தளபதியின் கடிதத்தோடு வந்த, செத்தவர்களின் பெயர்ப் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை விரல் வைத்துப் படித்துவிட்டு, வீரபாகு இல்லை என்று தெரிந்த பிறகு, மற்ற பெயர்களுக்காக அழுதாள்.

இங்கே ஆற்றில் ஓடம் இல்லை. வைத்தியர்கள் அக்கரையில், ஜனங்கள் இக்கரையில். முறையிட்டுப் போனவர்களுக்கு ஆணை ஒன்று கிடைத்தது: ‘நோய்வாய்ப்பட விரும்பும் குடிமக்கள் முன்கூட்டியே அக்கரைக்குச் சென்று நோய்வாய்ப்படவும்.’ எப்படிச் செல்வது என்று கேட்டவர்களை, படை வீரர்களின் தியாகத்தை மதிக்காதவர்கள் என்று ஊர்க்காவலர் குறித்துக்கொண்டனர். தையல்நாயகி குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நீந்தி வேலைக்குப் போனாள். ஈரப் புடவையை அரண்மனைச் சன்னலில் காயப்போட்டுவிட்டு, மாற்றுப் புடவை கட்டிக்கொண்டு எழுத உட்காருவாள். நாட்டின் மானம், அது இது என்று புதுக் காரணங்கள் வந்துகொண்டே இருந்ததில், குறிப்பேட்டில் அந்தப் பக்கம் மட்டும் பசையும் தாளுமாகத் தலையணை போல உப்பி, ஏட்டை மூடமுடியாமல் போயிற்று.

இரண்டு ஆண்டு ஆயிற்று. தேர்தல் நெருங்கியது. ‘போர்’ என்கிற சொல்லைக் கேட்டாலே ஜனங்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று ஒற்றர்கள் வந்து சொன்னார்கள். அவை கூடியது.

“போரை நிறுத்திவிடலாமா?” என்று நாடாள்வார் கேட்டார்.

“எதற்கு? சொல்லை நிறுத்தினால் போதும்” என்றார் நாவரசு. “இன்றுமுதல் இது போர் அல்ல, விருந்து. நம் ஆட்கள் படைவீரர்கள் அல்லர், சுண்டைத்தீவின் விருந்தாளிகள். விருந்துக்குப் போனவர்களைப் பற்றி யார் முகம் சுளிப்பார்கள்? தவிர, விருந்தாளிக்கு அங்கேயே சாப்பாடு. வீரர் குடும்பத்துக்கு நாம் அளக்கும் நெல்லையும் நிறுத்திவிடலாம்.”

அவை கைதட்டியது. தையல்நாயகியும் வீரர் குடும்பம்தான் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. அவள் எழுதி முடித்துவிட்டு எழுந்து நின்றாள். ஆணை ஒன்று பிறந்தால் அது தொடர்பான பழைய விதிகளைக் கீழே சேர்ப்பது எழுதுபவரின் கடமை.

“ஐயா, போர் விதிகளுக்குப் பதிலாக விருந்து விதிகளைச் சேர்க்கட்டுமா?”

நாடாள்வார் பிரசாரத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். செருப்பு மாட்டிக்கொண்டே, “சேர் அம்மா, எல்லா விதியையும் சேர். நாம் சட்டத்தை மதிக்கும் நாடு” என்றார். முத்திரையைக் குத்திவிட்டுப் போய்விட்டார்.

விருந்து பற்றி அந்த நாட்டுச் சட்டத்தில் ஒரே ஒரு விதிதான் இருந்தது. முதல் நாடாள்வாரின் மாமனார் வீட்டார் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காத காலத்தில் போடப்பட்டது. தையல்நாயகி அதை அழகாக எழுதினாள்: ‘விருந்து மூன்று நாள். நான்காம் நாள் விடியுமுன் விருந்தாளி தன் வீட்டில் இருக்கவேண்டும். மீறுவது குற்றம்.’

ஆணை தீவுக்குப் போயிற்று. தளபதி இளவழுதி அதை ஒருமுறை படித்தார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி படித்தார். இரண்டு ஆண்டில் முதன்முறையாக அவர் சிரித்ததைப் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். “அடுப்பை அணையுங்கடா! நாம சட்டத்தை மீறிட்டு நிக்கிறோம்!” என்று கத்தினார்.

நாடாள்வார் துறைமுகத்தில் மேடை போட்டுப் பேசிக்கொண்டிருந்த ஒரு காலை நேரம். ‘நம் விருந்தாளிகள் அங்கே மேலும் பத்தாண்டு மகிழ்ச்சியாக இருப்பார்கள்’ என்கிற இடத்துக்கு வந்தபோது, ஜனங்கள் அவரைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் பார்த்தார்கள். கடல் நிறைய ஓடம். பெண்கள் தண்ணீருக்குள் ஓடினார்கள். நாடாள்வார் முகம் கறுத்தது. நாவரசு அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். முகம் தெளிந்தது.

“நான் வாக்களித்தபடியே அழைத்துவந்துவிட்டேன்!” என்று நாடாள்வார் கைகளை விரித்தார்.

அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை. தையல்நாயகி இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். நாற்பதாவது ஓடத்தில் தாடியும் எலும்புமாக ஒருவன் துடுப்பைப் போட்டுவிட்டு எழுந்து நின்றான்.

“ஏ தையலு! மூணு நாளுன்னு எழுதினது உன் கையெழுத்துதானே? தளபதி காட்டினாரு. பாத்ததும் தெரிஞ்சிபோச்சு.”

“எழுதச் சொன்னாங்க, எழுதினேன். எறங்குங்க முதல்ல. தாடியைப் பாரு.”

திரும்பி வராதவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்கள் வீட்டுக்காரர்கள் கடைசி ஓடம் வரும்வரை நின்றுவிட்டுப் போனார்கள். வீரபாகு அன்று முழுவதும் சோறு சாப்பிடவில்லை. அந்தப் பேர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். மறுநாள் சாப்பிட்டான், மூன்று தரம் குழம்பு ஊற்றிக்கொண்டு. மூன்றாம் நாள் ஆற்றில் ஓடம் விட்டான். வைத்தியர்களைப் பார்க்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் எல்லா நோயும் சேர்ந்திருந்தது.

தேர்தலில் கீழ்வாசல் கட்சி வென்றது. அதன் தலைவர் சாந்தமூர்த்தி முதல் நாளிலிருந்தே போர் கூடாது என்று கண்ணீர் மல்கப் பேசியவர். நேர்மையானவர், குரல் உயர்த்தமாட்டார். தையல்நாயகியே அவருக்குத்தான் வாக்களித்திருந்தாள். பதவியேற்றதும் அவர் செய்த முதல் வேலை, சுண்டைத்தீவு பற்றிய குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னது.

“உண்மை மக்களுக்குத் தெரியவேண்டும் அம்மா. ஒட்டியிருப்பதையெல்லாம் பிரித்துப் படியுங்கள்.”

அவளுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கொதிநீர் ஆவியில் ஏட்டைக் காட்டித் தாள் தாளாகப் பிரித்துப் படித்தாள். விருந்து, மானம், தேர்தல் கல்வி, அடியில் கவண். மொத்தம் பதினொரு காரணங்கள். ஒரு காலைப் பொழுது முழுவதும் ஆயிற்று. சாந்தமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

“அருமை” என்றார் பிறகு. “நாம் இத்தனை நன்றாக யோசித்திருக்கமாட்டோம். இதையெல்லாம் சுத்தமாக ஒரு படி எடுத்து வையுங்கள். தீவின் பெயர் வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் காலியாக விட்டுவிடுங்கள்.”

தையல்நாயகி அவரையே பார்த்தாள். ‘கொஞ்சம் காலியாக விட்டுவிடுங்கள்’ என்று எழுதிக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து படி எடுத்தாள். அவைக்குறிப்பை எந்தக் குடிமகனும் கேட்டு வாங்கிப் படிக்கலாம் என்பது அங்கே சட்டம். இதுவரை யாரும் கேட்டதில்லை. இனி யாராவது கேட்டால் கொடுக்கவேண்டுமே என்று இரண்டாவதாக ஒரு படியும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சாயங்கால ஓடத்தில் கூட்டம். கீரைக்காரி ஒருத்தி, ஒரு வாத்தியார், கையில் கட்டுப் போட்ட இரண்டு பேர், தீவிலிருந்து திரும்பிய சில ஓடக்காரர்கள்.

“இன்னிக்கு என்ன எழுதினே?” என்று வீரபாகு கேட்டான்.

“கேக்குறீங்களா? கேட்டாத்தான் படிக்கலாம்.”

“கேக்குறேன்டி, படி.”

அவள் சத்தமாகப் படித்தாள். பெயர் வரும் இடத்தில் நிறுத்தினாள்.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்றார் வாத்தியார்.

“இங்க எடம் காலியா விட்டிருக்காங்க.”

கீரைக்காரி ஒரு தீவின் பெயரைச் சொன்னாள். தையல்நாயகி அதை வைத்துப் படித்தாள், அச்சாகப் பொருந்தியது. வாத்தியார் கடலுக்கு அப்பால் ஒரு நாட்டைச் சொன்னார், அதுவும் பொருந்தியது. கட்டுப் போட்டவர்களில் ஒருவன் பாலைவன ஊர் ஒன்றைச் சொன்னான். ஆளுக்கொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போனார்கள். எதை வைத்தாலும் வாக்கியம் வழுவவில்லை. யாரோ சிரிக்க ஆரம்பித்து, அது ஓடம் முழுக்கப் பரவியது. தீவிலிருந்து திரும்பியவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். வீரபாகு துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு வயிற்றைப் பிடித்தான். ஓடம் நடு ஆற்றில் தன்பாட்டுக்கு மிதந்தது.

“எங்க, அந்தத் தாளை இப்படிக் குடுங்க, நானும் படிக்கிறேன்” என்று கீரைக்காரி கை நீட்டினாள்.