மாமியின் லப்ரொப்புக்குத் திருநீறு பூசிய கதை

தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிவதற்கு மாமியார் வீட்டைப் போல வசதியான இடம் வேறு இல்லை. அங்கே யாரும் சோதித்துப் பார்க்கமாட்டார்கள். மருமகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு வருடமாவது நம்புவார்கள். எனக்கு அந்த ஒரு வருடம் முடிவதற்குள் கை அரித்தது. மாமியின் லப்ரொப்பை, அதாவது மடிக்கணினியை, திறந்துவிட்டேன்.

நான் சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்கிற சைவக் குடும்பத்துப் பிள்ளை. மெர்சியை விரும்பிக் கட்டி, வட்டுக்கோட்டையில் அவளுக்குச் சீதனமாக வந்த வீட்டில் குடியேறினேன். வேதக்கார வீடு, அதாவது கிறிஸ்தவர்கள். மாமியும் எங்களோடுதான். முதன்முதல் அந்த வீட்டுக்குப் போன அன்று மாமியின் போன் அசையாமல் நின்றுவிட்டது. நான் வாங்கி, நிறுத்தி, திரும்பப் போட்டுக் கொடுத்தேன். வேலை செய்தது. அன்றோடு நான் ‘கொம்பியூட்டர் படிச்ச பிள்ளை’ ஆகிவிட்டேன். (படித்தது கணக்கியல். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. மறுத்துச் சொல்ல மனம் வரவில்லை, என்ன செய்ய?)

மாமி போஸ்ட் மிஸ்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தூர ஊருக்குக் கத்திக் கதைத்த ரங்கோல் (ட்ரங்க் கால்) காலத்துப் பழக்கத்தில் வீடியோவில் கதைத்தாலும் சத்தம் போட்டுத்தான் கதைப்பார். அவருடைய இரண்டு ஆண்பிள்ளைகளும் ரொறொன்ரோவில். மூத்தவர், என் பெரிய மச்சான், தான் பாவித்த பழைய லப்ரொப்பை ஊருக்கு வந்த ஒருவரிடம் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். சின்ன மச்சான் இன்னும் ஒரு படி மேலே போய், அம்மா பட்டன் தேடிக் கஷ்டப்படக்கூடாது என்று, தாங்கள் அழைத்தால் அது தானாகவே எடுத்துக்கொள்ளும்படி செய்து வைத்திருந்தார். கடவுச்சொல் கூட இல்லை. மூடியைத் திறந்து பெட்டியைப் போட்டுவிட்டால் போதும். அதற்குள்ளே இருந்த ஸ்பீக்கர் பழுது என்பதால் வெளியே சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வயரால் இணைத்துப் பூட்டியிருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை மாமிக்குப் பெரிய நாள். அவரை ஒரேயடியாகக் கனடாவுக்குக் கூப்பிடுவது என்று மச்சான்மார் முடிவெடுத்திருந்தார்கள். இரவு ஏழு மணிக்கு அழைப்பார்கள், மாமி “ஓம்” என்று சொன்னால் உடனே ரிக்கெற் போடுவார்கள். மாமியும் அந்தக் கிழமை ஏழு நாளும் எதற்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். மெர்சி சூட்கேசும் கம்பளிச் சட்டையும் வாங்க யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய்விட்டாள்.

எனக்கும் ஏதாவது செய்யவேண்டும் போலிருந்தது. வழக்கமாக அழைப்பின் நடுவில் படம் இறுகி, மச்சான்மார் இருவரும் வாயைப் பிளந்தபடி நிற்பார்கள். போவதற்கு முன்னாவது மாமி பிள்ளைகளின் முகத்தைத் தெளிவாகப் பார்க்கட்டும் என்று, மெமறியைக் கூட்டத் தீர்மானித்தேன். கடைக்காரப் பொடியன், “அண்ணை, உது உங்கடை மெசினுக்குச் சேருமோ எண்டு பாத்தனீங்களோ?” என்று கேட்டான். “ஓம்” என்றேன். பார்க்கவில்லை.

வீட்டில் சாரமும் பனியனுமாக உட்கார்ந்து, வயர்களையெல்லாம் கழற்றி, அடிமூடியைத் திறந்து, புது மெமறியைப் பூட்டினேன். பெட்டி உயிர்த்தது. ஆனால் ஸ்கிரீன் முழுக்கப் பாய் இழைத்தது போலக் கோடுகள். போனில் தேடிப் படித்தேன். இந்த ரக லப்ரொப்பில் படம் காட்டுகிற பகுதிக்குச் சொந்தமாக மெமறி கிடையாதாம், பொதுவில் இருப்பதில்தான் கடன் வாங்குமாம். பழையதும் புதியதும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் அடிபடுவது படம்தானாம். பயோஸ் என்ற நீலப் பக்கத்துக்குள் போய்ப் பங்கைச் சரிப்படுத்தலாம் என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். போனேன். பங்கை உச்சத்துக்கு ஏற்றினேன். அதோடு விட்டேனா? படம் சம்பந்தப்பட்டது போலத் தெரிந்த எல்லா வரியையும் மாற்றினேன். அதில் ஒன்று, படத்தைச் சொந்த ஸ்கிரீனுக்கு அனுப்புவதா, வெளியே பூட்டும் ஸ்கிரீனுக்கு அனுப்புவதா என்பது. ‘வெளியே’ என்று போட்டுவிட்டேன். (என்ன யோசித்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.)

ஸ்கிரீன் இருண்டது. காற்றாடி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாற்றியதைத் திரும்ப மாற்றுவதற்கு அந்தப் பக்கமே கண்ணுக்குத் தெரியவேண்டுமே. பட்டனை அழுத்திப் பிடித்தேன், விட்டேன், பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தரை மணியளவில் மாமி தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தார்.

“என்ன தம்பி, கறுப்பாக் கிடக்கு?”

“சின்னப் பிரச்சினை மாமி. இப்ப வந்திடும்.”

“மேலை ஏதோ லைற் ஒண்டு எரியுதே?”

பார்த்தேன். ஸ்கிரீனின் மேல்விளிம்பில், நடுவில், சின்னதாய் ஒரு பச்சை வெளிச்சம். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னேன்: “அது மெமறி பிழையெண்டாப் போடுற லைற் மாமி.”

“ஓகோ,” என்று மாமி மரியாதையாகத் தலையாட்டினார். அந்த மரியாதை என்னைக் கெடுத்தது. பிழையை யார் தலையிலாவது கட்டவேண்டுமே.

“பிழை எங்களிலை இல்லை மாமி. பெரிய மச்சான் குப்பைக்குப் போடவேண்டிய சாமானை எல்லே அனுப்பியிருக்கிறார். கனடாவிலை இருந்தும் இந்தக் கஞ்சத்தனமோ?” சொன்னதோடு நிற்காமல், மூக்கைச் சுழித்து, “நாங்கள் இஞ்சை இதைத்தான் யூஸ் பண்ணுறம், யூ நோ” என்று அவரைப் போலக் கதைத்தும் காட்டினேன்.

மாமி சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைச் சிந்தினார். “அவன் சின்னனிலையும் அப்பிடித்தான் தம்பி. ரொபி இனிப்பை நக்கிப்போட்டுத்தான் தம்பிக்காரனுக்குக் குடுப்பான்.”

பிறகு மாமி கண்ணை மூடி, லப்ரொப்பின் மேல் கைவைத்து ஜெபம் செய்தார். முடித்துவிட்டு, “உங்கடை பக்கத்தாலையும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்” என்றார். என் அம்மா தந்துவிட்ட திருநீறு, பக்கத்தில் கழற்றிப் போட்டிருந்த சேர்ட்டின் பையில் இருந்தது. எடுத்து, பெட்டிக்கு நெற்றி என்று எனக்குப் பட்ட இடத்தில், அந்தப் பச்சை வெளிச்சத்துக்குப் பக்கத்தில், நன்றாக அழுத்திப் பூசினேன். ஸ்கிரீன் அசையவில்லை.

“தம்பி, ஒண்டு சொன்னாக் குறை நினைக்கமாட்டீங்களே?” மாமியின் குரல் அவருக்குப் பழக்கமில்லாத அளவுக்கு இறங்கியிருந்தது. “உது இண்டைக்கு வேலை செய்யாட்டிலும் பறவாயில்லை.”

“ஏன் மாமி?”

“ஏழு மணிக்கு ரண்டுபேரும் வந்து முகத்தைக் காட்டுவாங்கள். முகத்தைப் பாத்தா எனக்கு மாட்டன் எண்டு வாய் வராது. எனக்குப் போக விருப்பமில்லைத் தம்பி.”

நான் கையிலிருந்த, ஆணி கழற்றுகிற திருப்புளியைக் கீழே வைத்தேன்.

“முந்தி ஒருக்காப் போனனான்தானே. நல்லாத்தான் வைச்சிருந்தவங்கள். மருமக்களும் நல்ல பிள்ளையள். ஆனா விடிஞ்சா எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிடுங்கள். நான் மைக்குறோவேவோடை கதைச்சுக்கொண்டிருந்தனான். அதெண்டாலும் ரிங் எண்டு மறுமொழி சொல்லும். இவன் வீட்டிலை ஆறு மாதம், மற்றவன் வீட்டிலை ஆறு மாதம். வாழ்நாள் முழுக்கத் தபாலிலை பாசல் அனுப்பினனான் தம்பி. நானே பாசலாப் போக எனக்கு ஏலாது.”

“அப்ப ஏன் எல்லாத்துக்கும் தலையாட்டினீங்கள்?”

“உங்களுக்காகத்தான். புதுசாக் கட்டின பிள்ளையள், நடுவிலை நான் ஒரு மனிசி. நீங்களும் இந்தப் பெட்டியைத் திருத்த ஓடித் திரிஞ்சியள். என்னைக் கெதியா அனுப்பத்தானாக்கும் எண்டு நினைச்சன்.”

அவர் போக ஆசைப்படுகிறார் என்று நான் நினைத்து, நான் அனுப்ப ஆசைப்படுகிறேன் என்று அவர் நினைத்து, இரண்டு பேரும் ஒரு கிழமையாக ஆளுக்காள் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

“மாமி, நீங்கள் போனா உங்கடை மேள் மெர்சியின்ரை கறியை நான் தனியவெல்லோ தின்னோணும். உப்புக் கூடிப்போச்செண்டு சொல்ல எனக்கு ஆர் இருக்கினம்?” என்று தொடங்கினேன். பகிடியாகத்தான் சொல்ல நினைத்தேன். குரல் உடைந்துவிட்டது. “போகாதேங்கோ மாமி. எங்களோடை இருங்கோ.”

மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். நான் பனியனைத் தூக்கித் துடைத்தேன். அப்போது என் போன் அடித்தது. மெர்சி.

“இஞ்சாருங்கோ, முதல் சேர்ட்டைப் போடுங்கோ.”

“என்ன?”

“லப்ரொப் வேலை செய்யுது. ஸ்கிரீன் மட்டுந்தான் இருட்டு. பெரியண்ணை நேரத்தோடை கூப்பிட்டவராம், அது தானா எடுத்திட்டுது. நீங்கள் ரண்டுபேரும் கதைக்கிறது எல்லாம் ரொறொன்ரோவிலை கேக்குது. அவை கத்திக் கத்திக் கூப்பிடுகினமாம், உங்களுக்குக் கேக்கேல்லை.”

ஸ்பீக்கர் மேசைக்குக் கீழே, வயர் கழன்றபடி கிடந்தது. பச்சை வெளிச்சம் கமெராவினுடையது.

“படமும் தெரிஞ்சதோ?”

“திருநீறு பூசும் வரைக்கும் வடிவாத் தெரிஞ்சதாம். அதுக்குப் பிறகு பனி கொட்டுறமாதிரி வெள்ளையாம். பெரியண்ணை எனக்குக் கோல் எடுத்து, போனைக் கிட்டப் பிடிச்சவர். நானும் கேட்டன்.”

“எது வரைக்கும்?”

“கறி வரைக்கும்.” அவளும் அழுதிருக்கிறாள் என்று மூக்கை உறிஞ்சியதில் தெரிந்தது. “நான் சூட்கேஸ் கடையிலை நிக்கிறன். வாங்கட்டோ, விடட்டோ?”

நான் குனிந்து ஸ்பீக்கர் வயரைச் செருகினேன். பெரிய மச்சானின் குரல் வந்தது. மூக்குச் சுழிப்பு ஒன்றும் அதில் இல்லை.

“ஏனம்மா எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?”

மாமி இருண்ட ஸ்கிரீனைப் பார்த்துச் சொன்னார்: “நீ ரிக்கெற் எப்ப போடுறது எண்டுதானே மோனை கேட்டனீ. வாறியளோ எண்டு கேக்கேல்லையே.”

பிறகு பெரிய மச்சான் தொண்டையைச் செருமினார். “மச்சான், சூட்கேஸ் வேண்டாமெண்டு தங்கச்சிக்குச் சொல்லும். கஞ்சன் எண்டதைப் பற்றி நாங்கள் ஆறுதலாக் கதைப்பம்.”

அடுத்த நாள் லப்ரொப்பை, வெளி ஸ்கிரீனாக, வீட்டு ரீவியோடு பூட்டினேன். போன படமெல்லாம் அதில் பளிச்சென்று நின்றது. மாற்றிய வரிகளைத் திரும்ப மாற்றி, புது மெமறியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். அந்த வருட நத்தார்ப் பண்டிகைக்குப் பெரிய மச்சான் மாமிக்குப் புத்தம்புது லப்ரொப் அனுப்பினார். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில், ‘அம்மாவுக்கு. மச்சான் திறக்கக்கூடாது’ என்று எழுதியிருந்தது.

மாமி இன்றைக்கும் எங்களோடுதான் இருக்கிறார். மகன்மார் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மறுத்துச் சொல்ல அவருக்கு இன்னமும் வராது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார். போன மாதம் மச்சான்மார், அம்மாவின் அறைக்கு ஏசி பூட்டித் தருகிறோம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். ஒரு ஞாயிறும் சேர்ச் தவறாத மாமி, அழைப்பு வருகிற நேரம் பார்த்து என்னிடம் வந்து கையை நீட்டினார்.

“தம்பி, உங்கடை திருநீறு கொஞ்சம் தாங்கோ.”

கமெராவில் ஒரு பூச்சுப் பூசிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார். அழைப்பு வந்தது. ரொறொன்ரோவில் பெரிய மச்சான் தன் மனைவியைக் கூப்பிடுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

“இஞ்சை பனி கொட்டுது. அம்மா மாட்டன் எண்டு சொல்லப்போறா.”